இயந்திரக் கனவுகளின் சிற்பி ஜார்ஜ் மெலியே

நிலக்கரியும் நீராவியும் உலகை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியார் 1837 முதல் 1901 வரை அரியணையில் வீற்றிருந்த காலம் அது. பித்தளைப் பற்சக்கரங்கள், தறையாணி அடித்த இரும்புத் தகடுகள், புகை கக்கும் உலைகள், உயரத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்து கையில் குடையேந்திய கனவான்கள் ஆகியன அக்காலத்தின் அடையாளங்கள். அந்தக் கோலம் மாறாமலே, உலகில் இல்லாத ஊர்திகளையும் நடவாத அற்புதங்களையும் கற்பனை செய்து திரைப்படத்திலும் நிழற்படத்திலும் காட்டும் ஒரு பாணி இன்று மேனாடுகளில் பெரிதும் வழங்குகிறது. அதனை ஸ்டீம்பங்க் என்பர். அப்பெயர் பிறந்தது 1987-ஆம் ஆண்டில். ஆயினும் அதற்கு எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அட்டையாலும் துணியாலும் மரத்தாலும் அத்தகைய உலகமொன்றைச் சமைத்து வெண்திரையில் ஓடவிட்ட ஒருவர் பாரிஸ் மாநகரில் வாழ்ந்தார். அவர்தாம் ஜார்ஜ் மெலியே.

நம் இல்லத்துப் பிள்ளைகள் கணிப்பொறியின் துணையால் உருவாகும் விண்வெளிப் படங்களைக் கண்டு வியக்கின்றனர். மூத்தவர்களாகிய நாமோ, புராணப் படங்களில் முனிவர் கமண்டல நீரைத் தெளித்த அளவில் எதிரே நின்றவர் மறைவதையும், நாரதர் மேகத்தினூடே நடந்து வருவதையும் கண்டு களித்தவர்கள். இவ்விரண்டு வியப்பிற்கும் மூதாதை ஒருவரே. அவர் எவ்வாறு உயர்ந்தார், எவ்வாறு வீழ்ந்தார், வீழ்ந்த பின் அவர் படைப்புகளுள் சில எவ்வாறு பிழைத்தன என்பதை இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் அன்பர்களுக்குக் கூற விரும்புகிறோம். படைத்தல் ஒரு கலை; படைத்ததைக் காத்தல் வேறொரு கடமை. இவ்வுண்மையை மெலியேயின் வாழ்வைப்போல் உணர்த்தும் வரலாறு அரிது.

பிறப்பும் இளமையும்

1861-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் மெலியே பாரிஸில் பிறந்தார். தந்தையார் கூலிக்குக் காலணி தைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். தாயார் டச்சு நாட்டவர். அவ்வம்மையாரின் தந்தையும் காலணித் தொழிலரே. டச்சு அரசவைக்குக் காலணி செய்து கொடுத்து வாழ்ந்து, தீவிபத்தொன்றில் தொழிலை இழந்தவர். வறுமையைக் கண்டறிந்த இவ்விருவரும் அயராது உழைத்துப் பாரிஸில் உயர்தரக் காலணிகள் செய்யும் தொழிற்சாலையொன்றை நிறுவினர். அவர்களுக்குப் பிறந்த மூன்று ஆண்மக்களுள் ஜார்ஜ் இளையவர். ஆன்ரி, காஸ்டன் என்போர் தமையன்மார்.

செல்வம் சேர்ந்த பின் வளர்ந்த பிள்ளையாதலால், ஜார்ஜ் நகரின் சிறந்த பள்ளிகளில் பயிலும் பேறு பெற்றார். ஆனால் அவர் உள்ளம் ஓவியத்திலேயே ஊன்றி நின்றது. பாடப் புத்தகங்களின் ஓரங்களிலெல்லாம் ஆசிரியர்களின் கேலிச் சித்திரங்களையும் கற்பனை மாளிகைகளையும் வரைந்து தண்டனை பெற்றார் என்பர். பத்து வயதிலேயே அட்டையில் பொம்மலாட்ட மேடை செய்து விளையாடிய பிள்ளை அவர். பள்ளிப் படிப்பும் படைப் பயிற்சியும் முடிந்தபின், வாணிகமும் ஆங்கிலமும் கற்று வருமாறு தந்தையார் 1884-ஆம் ஆண்டில் அவரை லண்டனுக்கு அனுப்பினார்.

தந்தையார் எண்ணியது ஒன்று, நிகழ்ந்தது வேறு. லண்டனில் பிக்கடில்லி வீதியில் எகிப்திய மண்டபம் என்னும் அரங்கு ஒன்று இருந்தது. அங்கே ஜான் நெவில் மாஸ்கலின் என்னும் புகழ்பெற்ற செப்பிடுவித்தைக்காரர் நாள்தோறும் காட்சி நடத்தி வந்தார். மாஸ்கலின் கடிகாரத் தொழில் பயின்றவர். சீட்டாடும் பொறிப்பாவை ஒன்றைச் செய்து லண்டன் மக்களை மலைக்க வைத்தவர். விக்டோரியா காலத்து மக்களுக்கு இயந்திரத்தின்மேல் இருந்த மோகமும், விளங்காதவற்றின்மேல் இருந்த மயக்கமும் அவ்வரங்கில் கைகோத்து நின்றன. ஆங்கிலம் நன்கு விளங்காத இளைஞருக்கு, மொழி தேவைப்படாத அவ்வித்தை பெருவிருந்தாயிற்று. மீண்டும் மீண்டும் அங்கே சென்றார். கண்கட்டு வித்தை அவரைப் பற்றிக்கொண்டது. இறுதி வரை விடவேயில்லை.

1885-இல் பாரிஸ் திரும்பிய மெலியே ஓவியக் கல்லூரியில் சேர விரும்பினார். ஓவியம் சோறு போடாது என்று எண்ணிய தந்தையார் இசையவில்லை. தொழிற்சாலை இயந்திரங்களை மேற்பார்க்கும் பணியில் மகனை அமர்த்தினார். அவ்வாண்டிலேயே ஈழெனி ஜெனேன் என்னும் செல்வக்குடிப் பெண்ணை மெலியே மணந்தார். இளைஞர் விரும்பாமல் செய்த இயந்திரப் பணியோ வீண்போகவில்லை. பல்லும் பட்டையும், நெம்புகோலும் உருளையும் எவ்வாறு ஒன்றையொன்று இயக்குகின்றன என்பதை அவர் கைகள் கற்றுக்கொண்டன. பிற்காலத்தில் தாமே காமிரா செய்யவும், மேடையில் மலைகளையும் அரக்கர்களையும் அசைக்கவும் அக்கல்வியே துணைநின்றது.

மாய அரங்கின் உரிமையாளர்

1888-ஆம் ஆண்டில் தந்தையார் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். தம் பங்கைத் தமையன்மாருக்கு விற்றுவிட்ட மெலியே, அத்தொகையைக் கொண்டு இராபர்ட்-ஹூதேன் அரங்கை விலைக்கு வாங்கினார். கடிகாரத் தச்சராயிருந்து செப்பிடுவித்தையில் உலகப்புகழ் எய்திய இராபர்ட்-ஹூதேன் நிறுவிய அரங்கு அது. சிறிய கூடமே ஆயினும், மேடைத் தளத்தில் மறைவுக் கதவுகளும், ஒளிந்து இயங்கும் நெம்புகோல்களும், தாமே எழுதியும் ஆடியும் காட்டும் பொறிப்பாவைகளும் நிறைந்த வித்தைக் களஞ்சியம். இருபத்தாறு வயது இளைஞர் அதன் தலைவரானார். புதிய வித்தைகளை வகுத்தார். ஆடை அணிகளையும் திரைச்சீலைகளையும் தாமே வரைந்தார். நலிந்திருந்த அரங்கு மீண்டும் பொலிவு பெற்றது.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் லூமியேர் சகோதரர்கள் தங்கள் அசையும் படக் கருவியைப் பாரிஸில் காட்டினர். இதே காட்சி அடுத்த ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பம்பாய் வாட்சன் ஓட்டலை வந்தடைந்தது என்பதை அன்பர்கள் அறிவர். பாரிஸ் காட்சியைக் கண்டவர்களுள் மெலியேயும் ஒருவர். திரையில் தெருவும் வண்டியும் உயிர்பெற்று அசைவதைக் கண்டு திகைத்தார். அக்கருவிக்குப் பத்தாயிரம் பிராங்கு தருவதாக உடனே கேட்டார். லூமியேர் குடும்பத்தார் விற்க மறுத்தனர். அன்னோர் அதனை அறிவியற் கருவியாக மதித்தனர். மெலியேயோ அதில் ஒரு மந்திரக்கோலைக் கண்டார்.

மறுக்கப்பட்ட மனிதர் சோர்ந்துவிடவில்லை. லண்டனுக்குச் சென்று, இராபர்ட் பால் என்னும் பொறியாளர் செய்த படங்காட்டும் கருவியொன்றை வாங்கி வந்தார். அதன் உறுப்புகளைப் பிரித்து ஆராய்ந்து, படம் பிடிக்கும் கருவியாக மாற்றியமைத்தார். அது காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைப்போல் இரைச்சலிட்டதாம். இரைந்தால் என்ன? 1896-ஆம் ஆண்டிலேயே அதைக் கொண்டு படம் பிடிக்கத் தொடங்கிவிட்டார். லண்டன் வித்தையரங்கில் பெற்ற கனவும், தந்தையார் தொழிற்சாலையில் பெற்ற கைத்திறனும் அப்போது ஒன்று கூடின.

வித்தையின் நுட்பம்

பாரிஸ் நாடகச் சதுக்கத்தில் ஒருநாள் மெலியே படம் பிடித்துக்கொண்டிருக்கையில் கருவி சற்றே சிக்கி நின்று மீண்டும் ஓடிற்றாம். சுருளைக் கழுவித் திரையிட்டபோது, சென்றுகொண்டிருந்த பயணிகள் வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் சவ வண்டியாக மாறிவிட்டதாம். கருவி நின்ற இடைவேளையில் முதல் வண்டி அகன்று அடுத்த வண்டி அவ்விடத்திற்கு வந்திருந்தது. மெலியே தாமே சொல்லி வந்த கதை இது. கதை எவ்வாறாயினும், நுட்பம் மெய்யானது. கருவியை நிறுத்து, நடிகர் அசையாது நிற்க, வேண்டாத பொருளை அகற்று, மீண்டும் ஓட்டு. திரையில் பார்ப்போருக்கு அப்பொருள் மாயமாய் மறையும். 1896-இல் எடுத்த படமொன்றில் நாற்காலியில் அமர்ந்த பெண்மணியை இவ்வாறே மறையச் செய்தார். மறைந்த நடிகையின் மேடைப்பெயர் ழான் தால்சி. இவ்வம்மையாரைப் பின்னரும் காண்போம்.

ஒரே சுருளை மீண்டும் மீண்டும் பின்னோக்கிச் சுற்றி, கருந்திரையின் முன் ஒன்றன்மேல் ஒன்றாகப் படம் பிடிப்பது அவருடைய மற்றொரு வித்தை. 1898-இல் தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைத்தார். மூன்று தலைகள் மேசையில் இருந்து பாட, நான்காவது தலை கழுத்தில் முளைத்தது. 1901-இல் ஒரு தலை துருத்தியால் ஊதப்பட்டுப் பூதாகாரமாகப் பெருகி வெடித்தது. அத்தலையும் அவருடையதே. சாய்தளத்தில் உருளும் வண்டியில் அமர்ந்து, நிலையாக நிற்கும் காமிராவை நோக்கி அவர் இழுத்து வரப்பட்டார். அணுக அணுகத் தலை பெருத்தது. இத்துணை எளிய உபாயம்! ஆயினும் ஒரு கட்டை அளவு பிசகினாலும் சுருள் முழுவதும் பாழ். எத்தனை சுற்று சுற்றினோம், எந்த இடத்தில் நின்றோம் என்று எண்ணி எண்ணிச் செய்யவேண்டிய தவம் அது.

வெளியில் மழையும் காற்றும் இடையூறு செய்தமையால், பாரிஸை அடுத்த மோந்த்ரே என்னும் ஊரில் தம் குடும்பத் தோட்டத்தில் படப்பிடிப்புக் கூடமொன்றைக் கட்டினார். கூரையும் சுவர்களும் கண்ணாடி. அரங்கின் மேடையளவே இதற்கும் அளவு. மின்விளக்கு போதாத காலமாதலால் கதிரவனே விளக்கு. அக்காலப் படச்சுருள் நிறங்களை முறையாக ஏற்காது. சிவப்பு கறுப்பாய்த் தோன்றும். எனவே மரம், இரும்பு, வானம், கடல் அனைத்தையும் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகவே தீட்டினார்கள். கதை எழுதுபவர், ஓவியர், தச்சர், இயக்குநர், கதாநாயகர் என எல்லாப் பணியும் மெலியே ஒருவரே ஏற்றார். 1896 முதல் 1913 வரையிலான காலத்தில் இவ்வாறு அவர் உருவாக்கிய படங்கள் ஏறத்தாழ 520.

நிலாப் பயணம்

அவருக்கு உலகப்புகழ் தந்தது 1902-இல் வெளிவந்த நிலாப் பயணம் என்னும் படம். ழூல் வேர்ன் எழுதிய நிலாக் கதைகளும், எச். ஜி. வெல்ஸ் 1901-இல் வெளியிட்ட நிலாக் கதையும் அதற்குத் தூண்டுகோல்கள். மூன்று மாத உழைப்பு; பத்தாயிரம் பிராங்கு செலவு. லூமியேர் கருவிக்கு அவர் தர முன்வந்த தொகையும் இதுவே அன்றோ! ஒரு நிமிடப் படங்களே மிகுந்திருந்த நாளில் இது ஏறத்தாழ பதினான்கு நிமிடம் ஓடியது.

கதை இது. நட்சத்திரத் தொப்பியணிந்த வானியலறிஞர்கள் கூடி வாதிடுகின்றனர். தொழிற்கூடத்தில் சம்மட்டி அடிக்கும் ஓசை கேளாமலே கேட்கிறது. இரும்புத் தகடுகளைத் தறைந்து குண்டு வடிவ ஊர்தி ஒன்றைச் சமைக்கின்றனர். அத்தொழிற்கூடத்தின் கண்ணாடிக் கூரை மெலியேயின் மோந்த்ரேக் கூடத்தின் சாயலே. ஆலைப் புகைக்கூண்டுகள் வானில் கரி கக்குகின்றன. பெரும்பீரங்கியில் ஊர்தியை இட்டுச் சுட, அது நிலாமகனின் கண்ணிலே சென்று பாய்கிறது. அறுவர் இறங்குகின்றனர், நிலாவாசிகளைக் குடையால் ஒரு தட்டுத் தட்ட, அவர்கள் புகையாய் மறைகின்றனர். பின்னர் ஊர்தி நிலாவின் விளிம்பிலிருந்து கடலில் விழ, நீராவிக் கப்பல் அதனை இழுத்து வருகிறது. நிலாவாசிகளாக நடித்தோர் பாரிஸ் அரங்கொன்றின் கழைக்கூத்தர்கள். தலைமை அறிஞராக நடித்தவர் மெலியே. இரும்பும் நீராவியும் தொப்பியும் குடையுமாக விக்டோரியா காலம் தன்னையே நிலாவுக்கு ஏற்றி அனுப்பிய கோலம் என்று இதனைச் சொல்லலாம். அறிஞர்களின் பெருமிதத்தைச் சிறிது நகைத்தும் வைத்தார் என்பதைக் கூர்ந்து பார்ப்போர் உணர்வர்.

வண்ணப்படம் வேண்டுவோருக்கு அதுவும் கிடைத்தது. பாரிஸில் எலிசபெத் துயிலியே என்னும் அம்மையார் நடத்திய கூடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அமர்ந்து, சிறுசிறு படச் சட்டங்களில் நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டினர். ஒரு பெண்ணுக்கு ஒரு வண்ணம். பல்லாயிரம் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அப்பெண்களின் பெயர்களை வரலாறு குறித்துவைக்கவில்லை.

அவ்வாண்டிலேயே வேறொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. விக்டோரியா மகாராணியாருக்குப் பின் அரசரான ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவைப் படமாக்க லண்டன் வணிகர் ஒருவர் மெலியேயை அமர்த்தினார். உள்ளே காமிராவுக்கு இடமில்லை. ஆகவே முடிசூட்டு விழாவை மோந்த்ரேயிலேயே முன்கூட்டி நடத்திப் படம் பிடித்துவிட்டார் மெலியே! அரசரின் முகவெட்டுடைய சாமானியத் தொழிலாளி ஒருவர் அரசராக வீற்றிருந்தார். அரசர் நோயுற்றமையால் விழா ஆகஸ்டு 9-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. படமோ ஆயத்தமாய்க் காத்திருந்தது.

புகழும் களவும்

நிலாப் பயணம் கடல் கடந்து ஓடிற்று. ஆனால் செல்வம் அவரைத் தேடி வரவில்லை. அமெரிக்காவில் எடிசன் முதலானோரின் நிறுவனங்கள் அப்படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுத்து விற்றுப் பொருளீட்டின. கள்வரைத் தடுக்கும் பொருட்டு மெலியே தம் ஸ்டார் பிலிம் நிறுவனத்தின் விண்மீன் முத்திரையைக் காட்சித்திரைகளிலேயே ஒட்டிப் பார்த்தார். 1903-இல் தமையனார் காஸ்டனை அனுப்பி நியூயார்க்கில் கிளையொன்றும் தொடங்கினார். அக்கிளைக்கென ஒவ்வொரு படத்திற்கும் இரண்டாவது மூலச் சுருள் ஒன்று தனியே எடுத்தனுப்பப்பட்டது. இரண்டு காமிராக்கள் அருகருகே நின்று ஒரே காட்சியைப் பிடித்தன. இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

1904-இல் இயலாத உலகின் ஊடே ஒரு பயணம் என்னும் படத்தை எடுத்தார். இரயில், மோட்டார் வண்டி, நீர்மூழ்கிக் கப்பல் ஆகிய அனைத்தையும் ஒரே பயணத்தில் பூட்டி, இரயிலைக் கதிரவனின் வாய்க்குள் செலுத்தினார். நிலாப் பயணத்தினும் மூன்று மடங்குக்கு மேல் செலவாயிற்று. 1907-இல் ஆழ்கடற் பயணமும், 1912-இல் துருவப் பயணமும் வந்தன. துருவப் படத்தில் பனி அரக்கன் ஒருவன் ஆய்வாளர்களை வாயிலிட்டு விழுங்குவான்; கயிறும் நெம்புகோலும் கொண்டு பலர் சேர்ந்து இயக்கிய மாபெரும் பொறிப்பாவை அது.

ஆனால் காலம் மாறிவிட்டது. பெரிய நிறுவனங்கள் ஆலையில் நெசவு நெய்வதுபோல் வாரந்தோறும் படங்களை உற்பத்தி செய்தன. படங்களை விற்கும் முறை போய் வாடகைக்கு விடும் முறை வந்தது. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் படங்காட்டும் சிறு வணிகரை நம்பியிருந்த மெலியேக்கு அது பேரிடி. மக்களோ மேடை மாயத்தை விட்டு, மெய்யான தெருவும் மெய்யான கண்ணீரும் காட்டும் கதைகளை நாடினர். காமிராவை ஓரிடத்தில் நிறுத்தி, நாடகம் பார்ப்பவர் போலவே படம் பிடித்த அவர் தம் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. பாதே நிறுவனத்திடம் கூடத்தையும் வீட்டையும் ஈடு காட்டிப் பணம் பெற்றார். அப்பணத்தால் எடுத்த படங்களும் தோற்றன. 1913-இல் மனைவியார் காலமானார். அதனோடு படத்தொழிலும் முடிந்தது.

வீழ்ச்சி

1914-இல் உலகப்போர் மூண்டது. மோந்த்ரேயின் கண்ணாடிக் கூடம் காயமுற்ற வீரர்களின் மருத்துவமனையாயிற்று. படைத்துறையினர் நானூறுக்கும் மேற்பட்ட அவருடைய படச்சுருள்களைக் கைப்பற்றி, வெள்ளியைப் பிரித்தெடுக்கவும், எஞ்சிய செல்லுலாய்டைக் காலணிக் குதிகளுக்குப் பயன்படுத்தவும் உருக்கினர் என்பர். காலணித் தொழிலை வேண்டாமென்று விட்டு வந்தவரின் கனவுகள் காலணியாகவே முடிந்தன. இதனினும் கொடிய விளையாட்டை விதி ஆடியிருக்க முடியுமா?

1923-இல் சாலையை நீட்டுவதற்காக இராபர்ட்-ஹூதேன் அரங்கு இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் கடனுக்காக மோந்த்ரே உடைமைகளும் கைவிட்டுப் போயின. வைப்பதற்கு இடமில்லை, வாங்குவாரும் இல்லை. மனம் உடைந்த மெலியே எஞ்சிய மூலச் சுருள்களைத் தாமே தீயிலிட்டார். படைவீரர் அழித்தது போக, பகைவர் களவாடியது போக, எஞ்சியதை எரித்த கை படைத்த கையே. அச்செயலை நாம் குறைகூற முன்வரவில்லை. உலகம் வேண்டாமென்று தள்ளிய பொருளைக் காத்துக்கொண்டு அறுபதைக் கடந்த வயதில் தெருவில் நிற்க எவரால் இயலும்?

1925-இல் அவர் ழான் தால்சியை மணந்தார். 1896-இல் நாற்காலியில் அமர்ந்து மாயமாய் மறைந்த அந்த அம்மையாரே முதுமையில் துணைவியாராய் வந்தார். மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில் அவருக்குப் பொம்மையும் மிட்டாயும் விற்கும் சிறு கடை இருந்தது. நிலாவுக்கு வழி கண்டவர் அக்கடையில் காலை முதல் இரவு வரை அமர்ந்து, இரயிலுக்கு விரையும் பயணிகளின் குழந்தைகளுக்குத் தகரப் பொம்மைகளை விற்றார். குளிரிலும் விடுமுறை இல்லை. வாங்கியவர்களுள் எவரும் அவரை அறியவில்லை.

மீட்சி

1920-களின் பிற்பகுதியில் திரைப்படப் பத்திரிகையாளர் ஒருவர் தற்செயலாக அவரை அடையாளம் கண்டார். செய்தி பரவிற்று. எங்கோ ஒரு மாளிகையின் பழம்பொருள்களுக்கிடையே கிடந்த அவருடைய படச்சுருள்கள் சில வெளிப்பட்டன. 1929 டிசம்பரில் பாரிஸின் பிளேயல் மண்டபத்தில் அவை திரையிடப்பட்டன. பொம்மைக் கடைக்காரர் மேடையேறினார். மண்டபம் எழுந்து நின்றது.

1931 அக்டோபரில் பிரெஞ்சு அரசின் செவாலியே விருது அவருக்கு வழங்கப்பட்டது. பதக்கத்தைச் சூட்டியவர் லூயி லூமியேர். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கருவியை விற்க மறுத்த குடும்பத்தவர், அக்கருவியால் இன்னது செய்யலாம் என்று உலகுக்குக் காட்டியவரைப் பாராட்டினார். அதே மாதத்தின் இறுதி நாளில்தான் சென்னையில் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும் படம் வெளிவந்தது. அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த தென்னகத்தின் முதல் ஊமைப்படமான கீசக வதமும் அவ்வாறே மறைந்தது. இழப்பு மெலியேக்கு மட்டும் உரியதன்று.

1932-இல் திரைத்தொழிலாளர்க்கென ஓர்லியில் அமைந்த முதியோர் இல்லத்தில் மெலியேயும் துணைவியாரும் பேத்தி மாதலேனும் இடம் பெற்றனர். அவரைக் காண அங்கே இளைஞர்கள் வந்தனர். அவர்களுள் ஆன்ரி லாங்லுவா, ஜார்ஜ் பிரான்ழூ என்னும் இருவர், அழியும் படங்களைத் தேடிச் சேர்த்துவந்தனர். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தை 1936-இல் தொடங்கியோர் இவர்களே. தாங்கள் சேர்த்த சுருள்களை ஓர்லியில் ஒரு கட்டடத்தில் வைத்து, அதன் சாவியை மெலியேயிடம் ஒப்படைத்தனர். தம் படங்களைத் தம் கையால் எரித்தவர் பிறர் படங்களுக்குக் காவலரானார். இதனினும் பெரிய ஆறுதல் அம்முதியவருக்குக் கிடைத்திருக்க முடியாது என்றே நாம் எண்ணுகிறோம். 1938-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் புற்றுநோயால் அவர் மறைந்தார். பாரிஸ் பேர்-லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

மறைவுக்குப் பின்

பேத்தி மாதலேன் ஓயவில்லை. பாட்டனாரின் படங்களை நாடெங்கும் தேடினார். அவர் வரலாற்றையும் எழுதினார். 2018-இல் மறையும் வரை அப்பணியிலேயே நின்றார். அவரும் காப்பகத்தாரும் தேடியதன் பயனாக, 520 படங்களுள் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்று நம்மிடம் உள்ளன. எங்கிருந்து கிடைத்தன? சந்தை வணிகர்களின் பரண்களிலிருந்து, ஆர்வலர்களின் பெட்டிகளிலிருந்து, நியூயார்க்குக்கு அனுப்பிய இரண்டாவது மூலச் சுருள்களிலிருந்து, ஏன், கள்வர்கள் எடுத்த திருட்டுப் பிரதிகளிலிருந்தும் கிடைத்தன! அவரைக் கெடுத்தவர்களின் பேராசையும் அறியாமலே அவருக்குக் காவல் புரிந்தது. நிலாப் பயணத்தின் வண்ணப் பிரதி 1993-இல் பார்சலோனாவிலிருந்து வெளிப்பட்டது. சுருள் கெட்டிப்பட்டு ஒட்டிக்கிடந்தது. பல ஆண்டுகள் பொறுமையாகச் சட்டம் சட்டமாகப் பிரித்து மீட்டனர். 2011-இல் கான் விழாவில் அது திரையிடப்பட்டபோது, பெயரறியாத அப்பெண்களின் தூரிகை வண்ணங்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஒளிர்ந்தன.

அவர் வழித்தோன்றல்களோ பலர். 1956-இல் வெளிவந்த எண்பது நாளில் உலகைச் சுற்றும் ஆங்கிலப் படத்தின் முகப்பிலேயே நிலாப் பயணத்தின் பகுதிகள் காட்டப்பட்டன. 1958-இல் செக் நாட்டுக் கரெல் செமான், ழூல் வேர்ன் நூல்களின் பழைய செதுக்குச் சித்திரங்கள் உயிர்பெற்றாற்போல் ஒரு படம் சமைத்தார். 2011-இல் மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கிய ஹியூகோ என்னும் படம் மெலியேயின் பொம்மைக் கடையையே களமாகக் கொண்டது; இரயில் நிலையமும் மணிக்கூண்டும் பொறிப்பாவையும் நிறைந்த அப்படம் ஐந்து ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதில் மெலியேயாக நடித்தவர், காந்தியடிகளாக நடித்துப் புகழ்பெற்ற பென் கிங்ஸ்லி. ஸ்டீம்பங்க் பாணியில் இன்று பித்தளைச் சக்கரமும் உயரத் தொப்பியும் அணிந்து நிழற்படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் மெலியேயின் பெயரை அறியாதிருக்கலாம். அவர் பட்டறையின் சரக்கையே அணிந்து நிற்கின்றனர்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம் ஆண்டுதோறும் மேடை கட்டுகிறோம், நாடகம் நடத்துகிறோம், பிள்ளைகள் ஆடுகின்றனர், பாடுகின்றனர். விழா முடிந்ததும் சித்திரத் திரைகள் எங்கே போகின்றன? நாடகப் பிரதிகள், நிழற்படங்கள், பழைய மலர்கள் யார் வீட்டுப் பரணில் உள்ளன? வீடு மாற்றும்போதும், பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போதும் இடமில்லை என்று முதலில் எறியப்படுபவை இவையே. பெருங்கலைஞர் ஒருவரின் படைப்பைக் காத்தவர்களுள் சாதாரணப் பரண்களின் உரிமையாளர்களும் இருந்தனர் என்பதைக் கண்டோம். ஒரு பெட்டி, ஒரு பட்டியல், பொறுப்பேற்க ஓர் இளைஞர் என இம்மூன்றும் போதும். மெலியேயின் கையில் அவ்விளைஞர்கள் தந்த சாவியைப் போன்றதொரு சாவியை நம் சங்கமும் ஒருவர் கையில் தர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.